ஜில்லா கோர்ட்டில் ஒரு துட்டி

பாளையங்கோட்டையில் நான் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த காலத்தில், உயிரோடு இருப்பவர்களைவிடச் செத்தவர்களோடுதான் எனக்குப் பழக்கம் அதிகம். என் வக்கீல் உயில் வழக்குகளுக்குப் பேர்போனவர். வரப்புத் தகராறு, அடிதடி என்று வருகிறவர்களை அடுத்த தெரு வக்கீலிடம் அனுப்பிவிடுவார். "உசிரோட இருக்குத கட்சிக்காரன் விடிஞ்சா வாசல்ல நிப்பான் வே. நாளைக்கு ஒரு பேச்சுப் பேசுவான். செத்தவன் எழுதி வச்சது எழுதி வச்சதுதான். என்னைக்காவது மாத்திப் பேசுதானா பாரும்" என்பார். சொல்லிவிட்டு ஒரு சிமிட்டாப் பொடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். அதற்கு மேல் அன்றைய வேலை எல்லாம் என்னுடையதுதான்.

நான் மெட்ரிகுலேஷன் தவறியவன். அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள, வருகிறவர்களிடம் சட்டத்தை விளக்கிச் சொல்வதில் எனக்கு ஒரு ஆசை. கோபமும் மூக்கு நுனியில் இருக்கும். ஒரு தரம் சொன்னதை இரண்டாம் தரம் கேட்டால் பேனாவை மேஜைமேல் போடுவேன். வக்கீலுக்கே நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன் என்று அப்போது மெய்யாகவே நம்பியிருந்தேன். என் மனைவிக்கு அந்த நம்பிக்கை இல்லை. அது வேறு விஷயம்.

சொத்துக்காரர் செத்துப்போனால் கோர்ட்டுக்குப் போக மூன்று வழி உண்டு என்று ஆரம்பிப்பேன். செத்தவர் உயில் எழுதி, அதை நடத்த இன்னார் என்று ஓர் ஆளையும் சொல்லியிருந்தால், அந்த ஆள் உயிலை மெய்ப்பித்து, புரோபேட் என்ற கோர்ட்டு உத்தரவை வாங்க வேண்டும். உயிலே இல்லை, அல்லது உயில் இருந்தும் நடத்த ஆள் சொல்லவில்லை என்றால், சொத்தை நிர்வாகம் பண்ண எனக்கு அதிகாரம் தாருங்கள் என்று வேறு மாதிரி மனு. நிலபுலன் ஒன்றுமில்லை, செத்தவருக்கு வர வேண்டிய கடனும் பத்திரங்களும்தான் இருக்கின்றன என்றால், வாரிசு சர்டிபிகேட் போதும். இதைச் சொல்லி முடிக்கும்போது வந்தவர்களுக்கு அநேகமாகக் கொட்டாவி வந்திருக்கும். ஆனால் அதற்குப் பிறகு நான் சொல்வதைக் கேட்டு நிமிர்ந்து உட்காருவார்கள்.

புரோபேட் மனுவிலும் இரண்டு தினுசு. ஒருவரும் எதிர்க்காவிட்டால், நோட்டீஸ் ஒட்டி, தமுக்கு அடித்து, குறித்த தேதியில் சாட்சி வந்து, "இது அவர் எழுதினதுதான்" என்று சொன்னதும் அன்றைக்கே தீர்ந்துவிடும். எவனாவது ஒருவன் எழுந்து "எனக்கு ஆட்சேபணை" என்று சொல்லிவிட்டால், அந்த நிமிஷமே அது ஒரு முழு வழக்காக மாறிவிடும். நம்பர் போட்டு, வாய்தா மேல் வாய்தாவாக ஓடி, அப்பீல் என்று சென்னப்பட்டணம் வரை போய் வருவதற்குள், எதற்காக வழக்கு என்பதே இரண்டு கட்சிக்கும் மறந்துபோகும். பத்து வருஷம் ஓடிய உயில் வழக்குகளை நானே பார்த்திருக்கிறேன்.

செங்கோட்டைப் பக்கம் ரயில் ஓடத் தொடங்கியிருந்த புதிது. பத்தமடைக்கு மேற்கே ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு அம்மாள் எங்கள் ஆபீசுக்கு வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சேலை. கட்சிக்காரர்கள் எல்லாரும் நுழையும்போதே பேச ஆரம்பிப்பார்கள். இவள் பாயில் உட்கார்ந்து, மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுச் சும்மா இருந்தாள். அது அவள் மாமனார் எழுதிவைத்த உயில். அவர் செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அவள் புருஷன் பிள்ளை இல்லாமல் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டான். மாமியாரும் இல்லை. பத்து வருஷமாக மாமனாருக்குச் சமைத்துப் போட்டு, சாகுபடியையும் கூட இருந்து பார்த்துக்கொண்டவள் இவள்தான். பெரியவர் தம் கையாலேயே உயில் எழுதியிருந்தார். மச்சு வீடும், இரண்டு கோட்டை விதைப்பாடு நஞ்சையும், தோப்பும் மருமகளுக்கே. அதை நடத்த வேண்டியவளும் மருமகளே. இப்படி ஒரு பெண்பிள்ளையையே உயில் நடத்தச் சொல்லி அதுவரை எங்கள் ஆபீசுக்கு ஒரு காகிதம் வந்ததில்லை. வக்கீல் கண்ணைத் திறந்து இரண்டு முறை படித்தார்.

உயில் இல்லாவிட்டால் அவளுக்கு ஒன்றுமே இல்லை. அக்காலத்துச் சட்டத்தில் செத்துப்போன மகனுடைய பெண்டாட்டிக்குச் சோறும் சேலையும்தான் பாத்தியம். சொத்து முழுவதும் பெரியவருடைய தம்பி மகனுக்குப் போகும். அந்தத் தம்பி மகன்தான் கொள்ளி வைத்தவன். கொள்ளி வைத்தவனுக்குப் பதினாறாம் நாள் உறவுமுறை கூடித் தலையில் உருமால் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். கட்டிக்கொண்டவன்தான் வாரிசு என்பது ஊர் நினைப்பு. "உருமால் என் தலையில, வீடு மட்டும் மதினி கையிலயா?" என்று அவன் கோயில் வாசலில் நின்று கேட்டானாம். கேட்டதில் அவன்மேலும் தப்பில்லை. மூன்று பெண்களைப் பெற்று வைத்திருந்தவன்.

"உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் இருக்கிறார்களா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரு அண்ணாச்சி. ஒருத்தர் செத்துட்டாக. இன்னொருத்தர் எங்க மாமாவுக்கு மச்சினர் முறை. அவுகளுக்கும் எண்பது வயசாகுது."

"அப்படியானால் அவர் இருக்கும்போதே புரோபேட் வாங்கிவிட வேண்டும். நம் ஜில்லாவில் இந்துக்களுக்குப் புரோபேட் கட்டாயம் இல்லை. ஆனால் வாங்கிவிட்டால் பிறகு எவனும் அந்த உயிலைக் கேள்வி கேட்க முடியாது" என்றேன்.

"கொழுந்தன் எதிர்ப்பாகளா?"

"எதிர்த்தால் வழக்குத்தான். முடிகிற வரையில் விளைச்சலைக் கோர்ட்டு ஆள் வந்து அளப்பான்."

"என்னால பத்து வருசம் கோர்ட்டுல ஏறி இறங்க முடியாது. பிறந்த வீட்டுலயும் ஆள் இல்ல. தோத்துட்டா கொழுந்தன் அளந்து போடுத நெல்லுக்கு முந்தானையை ஏந்திக்கிட்டு நிக்கணும்" என்றாள். பிறகு, "எதிர்க்கவுக என்ன சொல்லி எதிர்ப்பாக?" என்று கேட்டாள்.

கேட்டது என்னிடம் அல்லவா? விடுவேனா? கையெழுத்துப் பொய் என்று சொல்லலாம். ஆனால் இங்கே உயில் முழுவதும் பெரியவர் கையால் எழுதியது, ஊருக்கே தெரிந்த எழுத்து. ஆகவே மிச்சம் ஒன்றுதான்: எழுதியவருக்குப் புத்தி சுவாதீனம் இல்லை என்று சொல்லவேண்டும். அதை மனுவில் எழுதிக் கொடுத்தால், கோர்ட்டில் மொழிபெயர்க்கிற துபாஷி எல்லார் காதிலும் விழும்படி தமிழில் வாசிப்பார் என்று, துபாஷி வாசிக்கிற தோரணையில் நடித்தே காட்டினேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனாள்.

மனு போட்டோம். விசாரணைக்குத் தேதி கொடுத்தார்கள். செத்தவர் வீட்டுக் கதவில் ஒரு நோட்டீஸ், கோர்ட்டுப் பலகையில் ஒரு நோட்டீஸ், ஊரில் தமுக்கு. ஆட்சேபணை உள்ளவர்கள் இன்ன தேதியில் பாளையங்கோட்டைக்கு வரலாம் என்பதுதான் அதன் சாரம். கோர்ட்டுச் சேவகன் கிராமத்துக்குப் போய், ஊர் வெட்டியானைக் கொண்டு தமுக்கு அடித்துவிட்டு வந்தான். தம்பி மகன் வேறு ஒரு வக்கீலைப் பார்த்திருப்பதாகக் காதில் விழுந்தது. என் வக்கீல் கண்ணைத் திறக்காமலே, "எழுதிக் கொண்டு வருவான் வே. கடைசி நிமிசம் வரை பைக்குள்ளயே வச்சிருப்பான்" என்றார்.

தேதியன்று காலை நான் கோர்ட்டு வாசலுக்குப் போனபோது வில்வண்டியும் மொட்டை வண்டியுமாகப் பதினைந்துக்குக் குறையாமல் நின்றன. மாடுகளை அவிழ்த்து வேப்பமரத்தில் கட்டி வைக்கோல் போட்டிருந்தது. மரத்தடியில் கோரைப் பாய்களை விரித்து ஒரு பக்கம் ஆண்களும் ஒரு பக்கம் பெண்களுமாக அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஆண்கள் மேல்துண்டை இடுப்பில் கட்டியிருந்தார்கள். கட்டுச்சோற்று மூட்டைகளிலிருந்து புளியோதரை வாசனை வந்தது. யாரோ பெரிய மனிதர் வீட்டு இழவு, வழி தவறிக் கோர்ட்டுக்குள் வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவரிடம், "எந்த ஊரு?" என்று கேட்டேன்.

"நான் கங்கைகொண்டான். ரயில்ல வந்தேன். இவுகள்லாம் திசையன்விளை. அந்தப் பக்கம் இருக்கவுக சேரமாதேவி."

"என்ன விசேஷம்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "துட்டிக்கு வந்திருக்கோம்" என்றார்.

இழவு கேட்கப் போவதைத்தான் நாங்கள் துட்டிக்குப் போவது என்போம். செத்தவர் பெயரைக் கேட்டேன். அவர் சொன்னதும் கோர்ட்டுப் பலகையில் இருந்த நோட்டீஸைத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் உயில்காரர்!

தூரத்தில் ஒரு வண்டிக்குப் பின்னால் அந்த ஊர் வெட்டியான் நின்றுகொண்டிருந்தான். சாவு விழுந்தால் பெண் கொடுத்த ஊர், எடுத்த ஊர் எல்லாம் கால்நடையாகப் போய்த் துட்டி சொல்லிவிட்டு வருவது அவன் வேலை. கோர்ட்டுத் தமுக்கை அடித்த கையோடு, வழக்கம்போல அந்தத் தேதியையும் துட்டிச் செய்தியாக ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சொல்லியிருக்கிறான். பதினாறு முடிந்தால் என்ன, கூப்பிட்ட துட்டிக்குப் போகாமல் இருந்தால் அந்த உறவு அதோடு முறிந்தது என்று அர்த்தம். ஆகவே அத்தனை பேரும் வேலை வெட்டியை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

"ஏலே! உன்னை யாருலே ஊரூராப் போகச் சொன்னது? தமுக்கை அடிச்சமா, வீட்டுக்குப் போனமான்னு இருக்கக் கூடாது?" என்று கத்தினேன்.

"துட்டி சொல்லுத வழக்கம்தான சாமி" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு. இன்னும் நாலு வார்த்தை திட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான்.

வக்கீல் வந்து பார்த்தார். கொஞ்சநேரம் பொடி டப்பியைத் திறக்கவே மறந்துவிட்டார். "வே, இந்த அறுபது வாயில ஒரு வாய் தொறந்தாலும் போச்சு. ஒருத்தன் 'எனக்கும் பங்கு உண்டு'ம்பான். ஜட்ஜ் துரை அதை எழுதிக்கிடுவார். பொறவு பத்து வருசம்" என்றார். என்னை ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லிவிட்டு வரச் சொன்னார்.

நான் பாய் பாயாகப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். வாயைத் திறக்காதீர்கள், கோர்ட்டில் யார் எது கேட்டாலும் பேசாதீர்கள் என்று கெஞ்சினேன். திசையன்விளைச் சித்தி ஒருத்தி, "செத்தவுக மகன் கலியாணத்துக்கு இரவல் குடுத்த வெங்கலப் பானை இன்னும் திரும்பி வரல. அதை மட்டும் ஒரு வார்த்தை கேட்டுப்புடட்டுமா?" என்றாள்.

"சித்தி, இங்கன வச்சுக் கேட்டீகன்னா அந்தப் பானை சென்னப்பட்டணம் வரைக்கும் போயிரும். வீட்டுல வச்சுப் பேசிக்கிடலாம்" என்றேன்.

"அம்புட்டுத் தூரமா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

நம் கட்சிக்கார அம்மாள் பெண்கள் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். நான் போய்த் தலையில் அடித்துக்கொண்டேன். "பாத்தீகளா அம்மா, உங்க ஊரு ஆள் செஞ்ச வேலையை!" அவள் வருகிற உறவுக்காரப் பெண்கள் ஒவ்வொருத்தியின் கையையும் பிடித்து, பக்கத்தில் இடம் ஒதுக்கிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். தம்பி மகன் தன் வக்கீலோடு தாழ்வாரத் தூணுக்குப் பின்னால் நின்றான். பதினாறாம் நாளுக்குப் பிறகு இத்தனை உறவை அவன் ஒருசேரப் பார்த்திருக்க மாட்டான். முகம் வெளுத்திருந்தது. வக்கீலின் கையில் மடித்த காகிதம் இருந்தது.

பதினொரு மணிக்கு டவாலிச் சேவகன் வாசலுக்கு வந்து, மனு செத்தவர் பெயரில் இருந்ததால் அவர் பெயரை மூன்று முறை கூப்பிட வாயைத் திறந்தான். முதல் கூப்பாடு முடியவில்லை, பெண்கள் பக்கத்திலிருந்து, "எங்களை விட்டுட்டுப் போனீகளே!" என்று ஒரு குரல் எழும்பியது. அவ்வளவுதான். இருபத்தைந்து பெண்களும் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். வாயைத் திறக்காதீர்கள் என்று நான் கெஞ்சியதில் ஒப்பாரியைச் சேர்க்க மறந்துபோனேன். அடுத்த அறையில் நடந்துகொண்டிருந்த வழக்கு நின்றது. பங்கா விசிறி இழுக்கிறவன் கயிற்றை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தான். டவாலி மிச்சம் இரண்டு கூப்பாட்டையும் கூப்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். என் வக்கீலுக்கு அப்போது ஒரு தும்மல் வந்தது. சிரிப்பை மறைக்க வந்த தும்மல் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

துரை பேனாவைக் கீழே வைத்தார். யார் இவர்கள், என்ன வேண்டும் என்று துபாஷியைக் கேட்டார். சாட்சிக் கையெழுத்துப் போட்ட மச்சினர்தான் கூட்டத்திலேயே மூத்தவர். ஒரு பையன் தோளைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து கும்பிட்டார்.

"தொரைகளே, ஆள் விட்டுச் சொன்னாக, வந்தோம். நாங்க வராம இருந்தா நாளைக்கு எங்க வீட்டுத் துட்டிக்கு யாரு வருவா?"

துபாஷி அதை இங்கிலீஷில் ரொம்ப நேரம் விளக்கினார். துரை முகத்தில் கோபம் இல்லை. அழுகை முடிந்ததும் எல்லாரும் உள்ளே வரலாம், ஆனால் சத்தம் கூடாது என்றார். அறுபது பேரும் பைய உள்ளே வந்தார்கள். பெஞ்சு போதவில்லை. பெரும்பாலோர் தரையிலேயே உட்கார்ந்தார்கள். கங்கைகொண்டான்காரர் மட்டும் முதல் பெஞ்சில் இடம் பிடித்துக்கொண்டார்.

மச்சினர் கூண்டில் ஏறினார். உயிலைக் காட்டி, இதில் இருப்பது உங்கள் கையெழுத்தா என்று என் வக்கீல் கேட்டார். ஆமாம் என்றார். எழுதியவர் அப்போது நல்ல புத்தியோடு இருந்தாரா என்று கேட்டார்.

"எழுதுன அன்னைக்கா? என்னைவிட நல்லா இருந்தாக. எழுதி முடிச்சுட்டு எங்கூடத் தாயம் ஆடுனாக. நான்தான் தோத்தேன்" என்றார். இறங்கும்போது, "எழுதுன அன்னைக்கு ஒரு குறையும் கிடையாது" என்று இன்னொரு தரமும் சொல்லிவிட்டு இறங்கினார்.

துரை கூட்டத்தைப் பார்த்து, "இந்த உயிலுக்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று துபாஷி மூலமாகக் கேட்டார். நான் வெண்கலப் பானைச் சித்தியைப் பார்த்தேன். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். கூட்டத்தில் ஒரு இருமல்கூட இல்லை.

அப்போது தம்பி மகனுடைய வக்கீல் எழுந்து, தம் கட்சிக்காரருக்கு ஆட்சேபணை இருக்கிறது என்று மடித்த காகிதத்தை நீட்டினார். அந்த அம்மாள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். துரை காகிதத்தைப் பார்த்துவிட்டு, என்ன காரணம் என்று எல்லாருக்கும் விளங்கும்படி வாசிக்கச் சொல்லித் துபாஷியிடம் கொடுத்தார். துபாஷி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆட்சேபணைதாரரின் பெரியப்பாவாகிய காலஞ்சென்றவர்…" என்று ஆரம்பித்தார். தம்பி மகன் கண் முதல் பெஞ்சுக்குப் போனது. கங்கைகொண்டான்காரர் காதுக்குப் பின்னால் கையை வைத்து, ஒரு சொல் விடாமல் கேட்க முன்னால் சாய்ந்திருந்தார். அவர் மகனுக்குத்தான் தம்பி மகனுடைய மூத்த பெண்ணைப் பேசி முடித்திருந்தார்கள். அடுத்த மாதம் தாம்பூலம் மாற்றுவதாக இருந்தது. அடுத்த இரண்டு பெண்களுக்கும் மாப்பிள்ளை அந்த அறுபது பேர் வீடுகளிலிருந்துதான் வர வேண்டும். ஒரு குடும்பத்தில் பெரியவருக்குப் புத்தி மாறாட்டம் என்று கோர்ட்டிலேயே வாசித்துவிட்டால், அந்த வீட்டில் பெண் எடுக்க எங்கள் ஜனங்களில் ஒருவர் முன்வரமாட்டார்.

"நிறுத்துங்க! வாசிக்க வேண்டாம்!" என்று தம்பி மகன் பாய்ந்து எழுந்தான். வக்கீல் அவன் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கப் பார்த்தார். அவன் உட்காரவில்லை. "எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல தொரைகளே. எங்க பெரியப்பா மாதிரிப் புத்திசாலி இந்த ஜில்லாவுலயே கிடையாது. எழுதுனது எழுதுனபடியே நடக்கட்டும்."

துரை அதை இங்கிலீஷில் கேட்டதும் ஒரு நிமிஷம் அவனையே பார்த்தார். துபாஷி காகிதத்தை மறுபடி மடித்து அவன் வக்கீலிடமே கொடுத்தார். உத்தரவு ஐந்து வரி. உயில் மெய், புரோபேட் மருமகளுக்கு. நான் என் நோட்டில் எழுதிக்கொண்டேன். அவசரத்தில் எழுத்து எனக்கே விளங்கவில்லை.

துட்டி வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லை. அதே வழக்கப்படி அறுபது பேரும் எழுந்து, துரைக்கு ஒரு சலாம்கூடப் போடாமல், திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார்கள். இவர்களுக்கு என்ன கோபம் என்று துரை துபாஷியைக் கேட்டாராம். துபாஷி விளக்கிய பிறகு, நல்ல வழக்கம், மற்ற வழக்குகளிலும் இதைக் கடைப்பிடித்தால் தேவலை என்றாராம்.

அந்த அம்மாள் வண்டிப் பக்கம் நின்றிருந்தாள். நான் வெற்றிக் களிப்பில் போனேன். "கடவுள் காப்பாத்துனார் அம்மா. உங்க வெட்டியான் செஞ்ச கோளாறு நமக்கே சாதகமாப் போச்சு. பட்டிக்காட்டு ஜனங்க, என்ன செய்ய! கோர்ட்டு எது, இழவு வீடு எதுன்னு தெரியுதா?" என்றேன்.

"அவன் ஒரு கோளாறும் பண்ணல அண்ணாச்சி. நான்தான் போகச் சொன்னேன். எந்தெந்த ஊருக்குப் போகணும், யார் யார்ட்டச் சொல்லணும்னு நான்தான் சொல்லி விட்டேன். கங்கைகொண்டானுக்கு முதல்ல போகச் சொன்னேன்."

இந்தப் பெரிய சட்ட நிபுணன் நடித்துக் காட்டியதை வைத்துக்கொண்டு, அவள் தன் வீட்டில் உட்கார்ந்து என் வக்கீலுக்கும் தெரியாமல் வழக்கை ஜெயித்துவிட்டாள். வண்டிக்குப் பின்னால் வெட்டியான் தமுக்கைத் துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். இவளைக் காட்டிக்கொடுக்காமல் அத்தனை வசவையும் வாங்கிக்கொண்டு நின்ற மனிதன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவனிடம் போய் அதைச் சொல்லும் தைரியமும் எனக்கு அப்போது இல்லை.

"என்னட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா" என்றேன்.

"சொன்னா நீங்க விட்டிருக்க மாட்டீக." பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்காக மட்டும் இல்ல அண்ணாச்சி. எங்க மாமாவை ஒருத்தர் கோர்ட்டுல வச்சுப் பைத்தியம்னு சொல்லி, அதுக்குப் பொறவு வீடு கிடைச்சா, அந்த வீட்டுல எப்படி இருப்பேன்?" என்றாள்.

"அவர்தான் நல்ல தெளிவாக இருந்தாரே. யார் சொன்னாலும் எடுபடுமா?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "உயில் எழுதையில நல்லாத்தான் இருந்தாக. அது ஆகி ஒரு வருசம் இருக்கும். கடைசி மூணு மாசம் அவுகளுக்கு என்னையே அடையாளம் தெரியல. நீ யாரு வீட்டுப் பிள்ளை, நீ யாரு வீட்டுப் பிள்ளைன்னு தினமும் கேப்பாக. உங்க மருமகள் மாமான்னு சொல்லுவேன். அப்படியா, அப்பச் சரி, சோறு போடுன்னு சொல்லுவாக. துட்டிக்கு முன்னால பாக்க வந்தவுக எல்லாத்துக்கும் இது தெரியும். இங்கன வந்த அத்தனை பேருக்கும் தெரியும். வயசான மறதின்னு விட்டாகளே தவிர, ஒருத்தரும் அதைப் பைத்தியம்னு வாயால சொன்னதில்ல."

துரை கேட்டபோது ஒரு இருமல்கூட இல்லாமல் இருந்த அந்த அறை எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த ஜனங்களைப் பார்த்துத்தான் காலையிலிருந்து வாயை மூடுங்கள், வாயை மூடுங்கள் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

வண்டிக்காரன் மாட்டைப் பூட்டினான். அவள் ஏறவில்லை. "அந்த உத்தரவுல மாமாவைப் பத்தி என்னமும் எழுதியிருக்கா?" என்று கேட்டாள்.

நோட்டைப் பிரித்தேன். கிறுக்கியிருந்த இங்கிலீஷை ஒருவாறு கூட்டிப் படித்துத் தமிழில் சொன்னேன். "காலஞ்சென்றவர் நல்ல புத்தி சுவாதீனத்தோடு எழுதிவைத்த உயில் இது என்று இந்தக் கோர்ட்டு காண்கிறது."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுகையோடு சிரிப்பும் வந்தது. "இன்னொரு தரம் வாசிங்க அண்ணாச்சி" என்றாள். ஒரு தரம் சொன்னதை இரண்டாம் தரம் கேட்டால் கோபம் வருகிற நான், அந்த ஒரு வரியை மூன்று முறை வாசித்தேன்.